அப்வொர்க்கில் புரபோசல் அனுப்பியும் பதில் வரவில்லை: முதல் கிளையன்ட் கிடைக்க எதை மாற்றணும்?

கேள்வி | தென்பெண்ணை, காவேரிப்பட்டணம்

வணக்கம். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடிச்சிருக்கேன். ஆன்லைன்ல ஃப்ரீலான்ஸ் வேலை எடுக்கிற அப்வொர்க், ஃபைவர் ரெண்டு தளத்துலயும் கணக்கு இருக்கு. விளம்பரங்களுக்கு வேலை கேட்டு புரபோசல் அனுப்பிட்டே இருக்கேன். அதுக்குச் செலவாகிற கனெக்ட் (அப்வொர்க் டோக்கன்) தீருதே தவிர ஒரு பதிலும் இல்லை. எக்செல் நல்லா வரும், ஃபோட்டோஷாப்ல பின்னணி நீக்குவேன், ஷாப்பிஃபைல பொருள் ஏத்தத் தெரியும். கேன்வா, வேர்ட்பிரஸ் ஓரளவு.

புரொஃபைல் தலைப்பு: "டேட்டா என்ட்ரி, கிராஃபிக் டிசைனர், வேர்ட்பிரஸ், விர்ச்சுவல் அசிஸ்டன்ட்". ரேட் மணிக்கு 3 டாலர். புரபோசல் இப்படி ஆரம்பிக்கும்: "மதிப்பிற்குரிய ஐயா / அம்மா, உங்கள் விளம்பரத்தைக் கவனமாகப் படித்தேன். நான் கடின உழைப்பாளி, இந்த வேலைக்கு மிகவும் பொருத்தமானவள்..."

ரேட்டை இன்னும் குறைக்கணுமா? இல்லை, வேற ஏதாவது தப்பா? தெரிஞ்ச அண்ணன்கள், அக்காக்கள் சொல்லுங்க.

பதில் | கேட்டலாக் வேலை, ஓசூர்

ரேட்டைக் குறைக்காதீங்கம்மா. அப்வொர்க்ல போடக்கூடிய குறைந்தபட்சமே 3 டாலர்தான், அதுக்குக் கீழே போகவும் முடியாது. அந்த ரேட்டைப் பார்க்கிற கிளையன்ட், இவங்களுக்கு வேலை தெரியாது போலன்னுதான் நினைப்பாங்க.

முதல்ல எந்த இடத்துல நிக்குதுன்னு பாருங்க. 'மை ஸ்டேட்ஸ்' பக்கத்துல எத்தனை புரபோசல் போச்சு, எத்தனையைத் திறந்து பார்த்தாங்க, எத்தனை பேர் பேசினாங்கன்னு தனித்தனியா காட்டும். திறக்கவே இல்லைன்னா தலைப்பு, முதல் ரெண்டு வரி, நீங்க தேர்ந்தெடுத்த வேலை, இந்த மூணுல ஒண்ணு சரியில்லை. திறந்தும் பேசலைன்னா காட்ட மாதிரி வேலை (சாம்பிள்) இல்லை, அல்லது அந்த மாதிரி இந்த வேலைக்குப் பொருந்தலை. பேசிட்டு விலகிட்டாங்கன்னா விலை, இல்லைன்னா நீங்க பதில் போட எடுத்த நேரம். எங்கே நிக்குதுன்னு தெரியாம ரேட்டை மட்டும் மாத்தினா ஒண்ணும் நகராது.

நீங்க எழுதியிருக்கிறதைப் பார்த்தா முதல் வகைதான். கிளையன்ட் திரையில உங்க படம், தலைப்பு, ரேட், கடிதத்தோட முதல் ஓரிரு வரி மட்டும்தான் பட்டியலா தெரியும். அந்த இடம் முழுக்க "மதிப்பிற்குரிய ஐயா"வுக்கே போயிடுச்சு.

தலைப்புல நாலு வேலை இருக்கு. ஒண்ணு போதும். எக்செல், ஃபோட்டோ, ஷாப்பிஃபை மூணும் சேர்ந்து வர்ற வேலை ஒண்ணு இருக்கு: ஆன்லைன் கடைக்குப் பொருள் ஏத்துறது. "ஷாப்பிஃபை பொருள் பதிவேற்றம், சிஎஸ்வி சரிசெய்தல், பொருள் படங்கள்" அப்படின்னு வைங்க. சிஎஸ்விங்கிறது பொருள் பட்டியலை வரிசை வரிசையா வெச்சிருக்கிற ஃபைல். இதுல இன்னொரு வசதி, செஞ்சது சரியா தப்பான்னு கிளையன்ட் ரெண்டு நிமிஷத்துல பார்த்துடலாம். புது ஆளை நம்புறதுக்கு அவங்களுக்கு அது பெரிய தைரியம்.

மாதிரிக்குக் கிளையன்ட் தேவையில்லை. ஷாப்பிஃபை பார்ட்னர் கணக்கு இலவசம். அதுல டெவலப்மென்ட் ஸ்டோர் (சோதனைக் கடை) ஒண்ணு திறந்து 20 பொருள் ஏத்துங்க. அந்தக் கடை பாஸ்வேர்டுக்குள்ளே இருக்கும்கிறதால, சிஎஸ்வி ஃபைல்ல ஆரம்பிச்சு கடையில பொருள் தெரியற வரைக்கும் ஒன்றரை நிமிஷ ஸ்கிரீன் ரெக்கார்டிங் எடுத்து வைங்க. இந்த வேலையில எது கெடும்னு உங்களுக்குத் தெரியும்கிறது அந்த வீடியோவுல தெரியணும்:

ஒரே சட்டை 3 சைஸ்னா ஃபைல்ல 3 வரிசை வரும். மூணுலயும் ஹேண்டில், அதாவது பொருளை அடையாளம் காட்டுற பெயர், ஒண்ணாவே இருக்கணும். ஒரு எழுத்து மாறினாலும் தனித்தனிப் பொருளா ஏறிடும்.

படத்துக்கு கூகுள் டிரைவ் ஷேர் லிங்க் போட்டா ஏறாது, அது படம் இருக்கிற பக்கத்தோட லிங்க். ஷாப்பிஃபைல கன்டென்ட், அதுக்குள்ளே ஃபைல்ஸ் போய்ப் படத்தை ஏத்தி, அங்கே கிடைக்கிற லிங்க்கைப் போடுங்க.

பார்கோடு 13 இலக்கம். சிஎஸ்வியை எக்செல்ல நேரா திறந்தா அது சுருங்கி, நடுவுல ஒரு பிளஸ் குறியோட தெரியும். அப்படியே சேவ் பண்ணினா கடைசி இலக்கங்கள் போயே போச்சு. எஸ்கேயு (கடைக்காரர் பொருளுக்கு வைக்கிற கோடு) முன்னால இருக்கிற பூஜ்யமும் காணாம போயிடும். டேட்டா மெனு வழியா ஃபைலைக் கொண்டுவந்து, அந்த ரெண்டு காலத்தையும் டெக்ஸ்ட்னு மாத்திட்டு வேலை செய்யுங்க. சேவ் பண்ணும்போது யூடிஎஃப்-8 வகையைத் தேர்ந்தெடுக்கலைன்னா பிரெஞ்சு, ஜெர்மன் எழுத்தெல்லாம் சிதைஞ்சிடும். ஒரு ஃபைல் 15 எம்பிக்குள்ளே இருக்கணும்.

படம் 2048-க்கு 2048 பிக்சல், சதுரம். அமேசானுக்கும் செய்வேன்னு சொல்றதா இருந்தா முதன்மைப் படத்துக்குப் பின்னணி சுத்த வெள்ளை, அதாவது மூணு நிறமும் 255. பொருள் படத்துல 85 சதவீதம் நிரம்பி இருக்கணும். கண்ணுக்கு வெள்ளையாத் தெரியும், ஃபோட்டோஷாப்ல நிறத்தை அளக்கிற ஐடிராப்பர் வெச்சுப் பார்த்தா 250 காட்டும். அது போதாது.

பதில் | புரபோசல் பார்ப்பவர், தர்மபுரி

ஓசூர் அண்ணன் சொன்னதோட, வேலையைத் தேர்ந்தெடுக்கிற விஷயத்தையும் சேர்த்துக்கங்க. பாதிப் பேருக்குக் கனெக்ட் வீணாகிறது இங்கேதான். ஒரு கனெக்ட் 15 சென்ட், ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை வேணும்னு அந்த வேலையிலேயே போட்டிருக்கும். பேமென்ட் வெரிஃபைட்னு இருக்கணும். புரபோசல் எண்ணிக்கை 5-க்குக் கீழே, மிஞ்சிப்போனா 10. 50 தாண்டினதைத் தொடவே வேண்டாம். ஏற்கெனவே சிலரோட பேசிட்டிருக்காங்கன்னு காட்டினாலும் விட்டுடுங்க. இதுக்கு முன்னாடி ஆள் எடுத்திருக்காங்களா, அவங்களுக்கு எழுதின ரிவ்யூ எப்படின்னு கீழே இருக்கும், அதையும் படிங்க. ரிவ்யூ வர்ற வரைக்கும் பூஸ்ட் பண்ணாதீங்க, காசு கொடுத்து மேலே போனாலும் காட்ட ஒண்ணும் இருக்காது.

நேரம் முக்கியம். நியூயார்க்ல காலை 9 மணின்னா நமக்குக் கோடைல மாலை 6:30, குளிர்காலத்துல 7:30. லண்டன் காலை 9 நமக்குப் பகல் 1:30, குளிர்காலத்துல 2:30. அந்த நேரத்துல சிஸ்டம் முன்னாடி இருங்க. விளம்பரம் வந்த கொஞ்ச நேரத்துல போற புரபோசலைத்தான் அவங்க நிதானமாப் படிக்கிறாங்க. காலைல எழுந்து, ராத்திரி வந்த விளம்பரத்துக்கு எழுதினா நீங்க வரிசையோட கடைசி.

120 பொருளைச் சரிசெய்யச் சொல்லி ஒரு விளம்பரம்னு வைங்க. கடிதம் ஆங்கிலத்துலதான் போகும், அர்த்தத்தைத் தமிழ்ல சொல்றேன்:

"உங்கள் கடையில் ஒரே டி-ஷர்ட் சைஸ் வாரியாக மூன்று பொருளாகத் தெரிகிறது. ஹேண்டில் வேறுபடுவதுதான் காரணமாக இருக்கும். முதலில் 5 பொருளைச் சரிசெய்து காட்டுகிறேன், நீங்கள் பார்த்துச் சரி என்ற பிறகு மீதி 115. இதே வேலையை நான் செய்த ஒன்றரை நிமிட வீடியோ இணைப்பில் இருக்கிறது. ஒரு கேள்வி: எஸ்கேயு எண்கள் உங்களிடம் உள்ளனவா, நான் உருவாக்க வேண்டுமா?"

இவ்வளவுதான். உங்க படிப்பு, உழைப்பு, ஆர்வம் எதுவும் இதுல இல்லை, தேவையும் இல்லை. கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். வேலை தெரிஞ்சவங்க மட்டுமே கேட்கிற கேள்வியா இருக்கணும், ஒரு வரில பதில் சொல்ற மாதிரியும் இருக்கணும். விளம்பரத்தோட கடைசி வரி வரைக்கும் படிங்க. "பதிலை இந்தச் சொல்லில் தொடங்கவும்"னு அடியில ஒளிச்சு வெச்சிருப்பாங்க. அதைக் கவனிக்காதவங்களைப் படிக்காமலே ஒதுக்கிடுவாங்க.

முதல் வேலைக்கு மணிக்கணக்கு வேண்டாம், ஃபிக்ஸ்ட் பிரைஸ் கேளுங்க. 20 பொருளுக்கு 25 டாலர் மாதிரி சின்ன மைல்ஸ்டோன், அதாவது வேலையோட ஒரு பகுதியும் அதுக்கான பணமும். அது ஃபண்டட்னு, அதாவது கிளையன்ட் பணத்தைத் தளத்துல கட்டிட்டார்னு காட்டின பிறகுதான் ஃபைலைத் திறக்கணும். வேலையைச் சப்மிட் பட்டன் வழியா ஒப்படைங்க, சாட்ல அனுப்பினா ஒப்படைச்சதா ஆகாது. அப்வொர்க்ல சப்மிட் பண்ணி 14 நாள் கிளையன்ட் எதுவும் சொல்லலைன்னா பணம் தானா விடுவிக்கப்படும். அதுக்கப்புறம் 5 நாள் பாதுகாப்புக்காகப் பணத்தை நிறுத்தி வைப்பாங்க. ஃபைவர்ல 20 சதவீதம் அவங்க எடுத்துப்பாங்க, 25 டாலருக்கு 20 தான் கையில. புதுசா வர்றவங்களுக்குப் பணம் எடுக்க 14 நாள் ஆகும். அதைக் கணக்குல வெச்சு விலை போடுங்க.

பதில் | கடைவீதி, பர்கூர்

வெளிநாட்டு வேலைக்குக் காத்திருக்கிற நேரத்துல நம்ம ஊர்லயும் பாருங்க. பர்கூர்ல ஜவுளிக் கடைக்காரங்க புடவை படத்தைத் தினமும் வாட்ஸ்ஆப்ல ஒவ்வொண்ணா அனுப்பிட்டிருப்பாங்க. வாட்ஸ்ஆப் பிசினஸ் கேட்டலாக்ல 500 பொருள் வரைக்கும் வைக்கலாம், விலை, கோடு நம்பரோட. கிருஷ்ணகிரி மாம்பழக்கூழ் ஆலை, கிரானைட் வியாபாரிகள், ஓசூர் பக்கம் ரோஜா அனுப்புறவங்க, இவங்களுக்கெல்லாம் பொருள் பட்டியல் தேவைப்படும். கூழ் ஆலைக்காரங்களைப் பெங்களூரா மாம்பழ வரத்து தொடங்கிட்ட பிறகு போய்ப் பார்க்காதீங்க, யாருக்கும் பேச நேரம் இருக்காது. பிப்ரவரி, மார்ச்ல போங்க.

"வெப்சைட் வேணுமா"ன்னு கேட்டா வேண்டாம்னுதான் பதில் வரும். கூகுள் மேப்ல அந்தக் கடையை எடுங்க. போன் நம்பர் பழசா, திறக்கிற நேரம் தப்பா, கடை முகப்புப் படம் இல்லையா? அதைக் காட்டிப் பேசுங்க. 30 பொருள் கேட்டலாக், இத்தனை ரூபாய், திருத்தம் ரெண்டு முறை, பாதி முன்பணம் ஜிபேல. இதை வாட்ஸ்ஆப்ல எழுதி அனுப்பி "சரி"ன்னு ஒரு பதில் வாங்கிக்கங்க. படங்களை உங்க மாதிரியா காட்டலாமான்னும் அதுலயே கேட்டுடுங்க. சொந்தக்காரங்க கடையா இருந்தாலும் இலவசமா செய்யாதீங்க. காசு கொடுக்காதவங்க படம் அனுப்பவே மாசக்கணக்குல இழுப்பாங்க, வேலை முடியாது, மாதிரியாவும் காட்ட முடியாது.

மறுகேள்வி | தென்பெண்ணை, காவேரிப்பட்டணம்

ரொம்ப நன்றிங்க. தலைப்பை மாத்திட்டேன், வீடியோ எடுத்துட்டிருக்கேன். ரெண்டு சந்தேகம். அப்வொர்க்ல ஒருத்தர் "வாட்ஸ்ஆப் நம்பர் கொடுங்க, பணம் நேரா அனுப்பிடறேன்"னு கேட்கிறார். போலாமா? இன்னொண்ணு, டெலிகிராம்ல டேட்டா என்ட்ரி வேலை, பதிவுக் கட்டணம் கட்டினா 5 நாள்ல முடிக்க 600 பக்கம் தருவாங்களாம்.

பதில் | புரபோசல் பார்ப்பவர், தர்மபுரி

ரெண்டும் வேண்டாம்.

முதல் ஆள் உண்மையானவரா இருந்தாலும், ஒப்பந்தம் ஆகிறதுக்கு முன்னாடி தொடர்பு எண் கொடுக்கிறதே அங்கே விதிமீறல். வெளியே பணம் வாங்கினா கணக்கையே மூடிடுவாங்க, பணம் வரலைன்னா புகார் சொல்லவும் இடம் இருக்காது. "இங்கேயே பேசலாம், ஒப்பந்தம் அனுப்பினா உடனே தொடங்கறேன்"னு எழுதுங்க. நிஜமான கிளையன்ட் அனுப்புவார்.

ரெண்டாவது சுத்த மோசடி, தயவுசெஞ்சு அதுல கையை வைக்காதீங்க. பக்கங்களை முடிச்சுக் கொடுத்த பிறகு "பிழை அதிகம், தரச் சோதனையில் தோல்வி"ன்னு சொல்வாங்க. அடுத்து ஒப்பந்தத்தை மீறிட்டீங்கன்னு வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒண்ணு வரும், அபராதம் கட்டச் சொல்லி மிரட்டுவாங்க. பயந்து கட்டினவங்ககிட்ட திரும்பவும் கேட்பாங்க. வேலை கொடுக்கிறவங்க உங்ககிட்ட பணம் கேட்டா அதோட பேச்சை நிறுத்திடுங்க. யாராவது ஏற்கெனவே கட்டியிருந்தா உடனே 1930-க்கு போன் பண்ணுங்க, சைபர் கிரைம் இணையதளத்திலும் புகார் பதியுங்க. சீக்கிரம் சொன்னாத்தான் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு இருக்கு.

பதில் | கணக்கு வேலை, கிருஷ்ணகிரி

பணம் வாங்குவதில் வரும் சிக்கலை யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். முதல் வேலை முடிந்த பிறகு இதில் மாட்டிக்கொள்வதைவிட இப்போதே சரிசெய்துவிடுங்கள்.

நம் ஊரில் பெரும்பாலும் இன்ஷியல்தான் தொல்லை. பான் கார்டில் இன்ஷியல் விரிந்து அப்பா பெயராக இருக்கும், பாஸ்புக்கில் ஒற்றை எழுத்தாக இருக்கும், ஆதாரில் அது பெயருக்குப் பின்னால் இருக்கும். அப்வொர்க் அடையாளச் சரிபார்ப்பிலும் வங்கிப் பெயர் ஒப்பீட்டிலும் இது நின்றுவிடும். ஆதார், பான், வங்கி மூன்றிலும் பெயரை ஒரே மாதிரி ஆக்கிவிட்டு, அதே பெயரை புரொஃபைலிலும் வையுங்கள். பணம் எடுக்கும் முன் டபிள்யூ-8பென் என்ற அமெரிக்க வரிப் படிவத்தையும் அப்வொர்க்கிலேயே நிரப்ப வேண்டும். அமெரிக்கர் அல்லாதவர் என்று உறுதி சொல்லும் படிவம்தான் அது, கட்டணம் இல்லை.

வெளிநாட்டுப் பணம் நேராக வங்கிக்கு வந்தால், எதற்காக வந்த பணம் என்று காட்டும் பர்ப்பஸ் கோடு கேட்பார்கள். குடும்பச் செலவுக்கு உறவினர் அனுப்பியது என்ற பி1301-ஐ வங்கியில் போட்டுவிட விடாதீர்கள், இது சம்பாத்தியம். செய்த வேலையை விளக்கி அதற்குரிய சேவைக் கோடைப் போடச் சொல்லுங்கள். சாஃப்ட்வேர் ஆலோசனை, அமலாக்கம் என்றால் பி0802. பணம் வந்ததற்கான அறிவிப்புச் சீட்டையும் இன்வாய்ஸையும் சேர்த்து ஒரு ஃபோல்டரில் வையுங்கள். பேபால் வழியாக உள்ளூர்க் கடைக்காரரிடம் வாங்க முடியாது. இந்தியாவுக்குள்ளான சேவையை அவர்கள் 2021 ஏப்ரலில் நிறுத்திவிட்டார்கள், வெளிநாட்டுப் பணம் மட்டும்தான். உள்ளூருக்கு யூபிஐ போதும்.

சேவைக்கு ஆண்டு மொத்த வரவு 20 லட்சம் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. பதிவு எண் இல்லாத நிலையில் இன்வாய்ஸில் ஜிஎஸ்டி என்று ஒரு வரி போட்டு வசூலிக்கக் கூடாது. ஓசூர் கம்பெனி ஏதாவது டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்துக்கொண்டு கொடுத்தால், அந்தத் தொகை உங்கள் பான் எண்ணில் வரவாகியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் பாருங்கள். ரிட்டர்ன் போட்டால்தான் அது திரும்பக் கிடைக்கும்.