ஆடி மழையில் துணி டயப்பர் காயவே மாட்டேன் என்கிறது, மலையில் இருக்கும் அப்பாக்கள் என்ன செய்கிறீர்கள்?

நடுவட்டம்_அப்பா:

வணக்கம். வைகாசியில் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறாள். ஆபரேஷன் என்பதால் மனைவி குனிந்து நிமிர்ந்து வேலை செய்ய முடியாது. பாப்பாவின் துணி முழுக்க என் பொறுப்பு. எனக்கு அது பிடித்தும் இருக்கிறது. எந்த நேரத்தில் நனைப்பாள், எந்தப் பாலுக்கு வயிறு சேரவில்லை என்பதெல்லாம் வீட்டில் எனக்குத்தான் முதலில் தெரிகிறது.

பிரச்சினை, காயாததுதான். ஆனி பிறந்ததிலிருந்து மழை விடவில்லை. மழை நின்றால் மூடுபனி வந்து கொடியில் இருப்பதை மறுபடி நனைத்துவிடுகிறது. எங்களிடம் இருப்பது பாக்கெட் வகை. வெளி உறை சீக்கிரம் காய்ந்துவிடும். உள்ளே வைக்கிற மூங்கில் நார்ப் பட்டை நாலு அடுக்கு சேர்த்துத் தைத்தது. தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், நடுவில் அழுத்தினால் ஈரம். அப்புறம் அந்த ஈர நாற்றம்.

விறகு அடுப்புக்கு மேலே கொடி கட்டச் சொல்கிறார் மாமியார். புகை வாடையோடு பிள்ளைக்குக் கட்ட மனம் வரவில்லை. மழை முடியும் வரை கடை டயப்பருக்கு மாறலாமா என்கிறாள் மனைவி. எங்கள் பக்கம் குப்பை வண்டி தினமும் வராது. வெளியே வைத்தால் காட்டுப்பன்றி இழுத்துக்கொண்டு போய்விடும். ஓடைக்கரையில் கிழிந்து கிடந்த ஒரு டயப்பரைப் பார்த்தேன். உள்ளே இருந்த ஜெல் மழையில் ஊறி, ஜவ்வரிசி போல உப்பிப் புல்லெல்லாம் ஒட்டிக் கிடந்தது. அந்த ஓடைத் தண்ணீர் கீழே இருக்கிறவர்களுக்கும் வேண்டும். அதனால்தான் கேட்கிறேன், ரூம் ஹீட்டர் வாங்குவதா, வேறு வழி இருக்கிறதா?

கோத்தகிரி_டீமேக்கர்:

தம்பி, வாழ்த்துகள். என் இரண்டு பிள்ளைகளும் துணியில் வளர்ந்தவர்கள். உங்களுக்கு ஆனி, ஆடி என்றால் எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை. எங்கள் சரிவில் வடகிழக்கு மழைதான் அதிகம். ஆனால் கஷ்டம் ஒன்றேதான்.

முதலில் அந்தப் பட்டைகளை ஓரமாக வையுங்கள். தடித்த அடுக்காகத் தைத்த எதுவும் இந்த மாதத்தில் நடுவரை காயாது. வெளி உறையை வைத்துக்கொண்டு, உள்ளே ஒற்றைத் துணிக்கு வாருங்கள். மாமனாரிடம் பழைய நாலு முழ வேட்டி இருக்கும். பலமுறை துவைத்துக் கஞ்சியெல்லாம் போய் மெத்தென்று ஆனது நல்லது. நடுவில் கிழித்தால் இரண்டு துணி. மடித்து மடித்து நீளவாக்கில் பட்டையாக்கி உறைக்குள் வைத்தால் ஈரம் குடிப்பதில் குறையில்லை. துவைத்த பின் விரித்துவிட்டால் அது ஒரே ஒரு அடுக்குதான். அதுதான் விஷயம். பச்சைக் குழந்தைக்கு ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை மாற்ற வேண்டியிருக்கும், அதனால் தாராளமாகவே கிழித்து வையுங்கள்.

இனி காய வைப்பது. நான் டீ ஃபேக்டரியில் இருப்பவன், ஈரத்தை எடுப்பதுதான் என் பிழைப்பு. மழை நாளில் வருகிற கொழுந்தில் இலைக்குள் இருக்கும் நீர் போதாதென்று மேலேயும் தண்ணீர் சொட்டும். அதை வாட்டுகிற தொட்டியில் மெல்லிசாகப் பரப்பி, அடியிலிருந்து பெரிய ஃபேனில் காற்று விடுவோம். ரொம்ப ஈரமாக இருந்தால் கொஞ்சம் வெதுவெதுப்பான காற்றையும் கலப்போம். ஆனால் காற்று ஓடாமல் சூடு மட்டும் கொடுத்து எந்தப் பயனும் இல்லை. குவித்துப் போட்டால் அடியில் இருக்கிற கொழுந்து புழுங்கிச் சிவந்துவிடும். உங்கள் பட்டையின் நடுவில் நாற்றம் வருவதும் ஈரம் வெளியேற வழியில்லாமல்தான்.

ஆகவே ஹீட்டர் வாங்க யோசிப்பதற்கு முன் ஒரு டேபிள் ஃபேன் வாங்குங்கள். நம் ஊர்களில் ஃபேன் இல்லாத வீடுகள் நிறைய, எங்கள் வீட்டுக்கு முதல் ஃபேன் வந்ததே இந்தத் துணிகளுக்காகத்தான். வீட்டுக்குள் ஒரு சிறிய அறையில் கொடி கட்டி, துணிக்கும் துணிக்கும் ஒரு சாண் இடைவெளி விட்டு, ஃபேனைப் பக்கவாட்டில் வையுங்கள். மழைச்சாரல் அடிக்காத பக்கம் ஜன்னலை இரண்டு விரல் திறந்திருக்க விடுங்கள், ஈரக்காற்று வெளியே போக வேண்டும். மெஷின் இருந்தால் பிழிகிற சுற்றை மட்டும் இன்னொரு முறை ஓட்டுங்கள். இல்லாவிட்டால் காய்ந்த துண்டில் சுருட்டி மிதித்து எடுங்கள்.

ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். துணி காய்கிறது என்று கரிச்சட்டியை மூடிய அறையில் வைக்காதீர்கள். கரி புகையே தெரியாமல் ஆளைக் கொல்லும். குளிருக்கு மூட்டிவிட்டுத் தூங்கி எழுந்திருக்காதவர்களைப் பற்றி நம் மலையிலேயே செய்தி வந்திருக்கிறது.

நைட் ஷிஃப்ட் முடிந்து விடியும்போது வீட்டுக்கு வருவேன். சின்னவள் அந்த நேரம்தான் முழிப்பாள். நனைந்த துணியை அவிழ்த்ததும் இரண்டு காலையும் சேர்த்து என் மார்பில் உதைப்பாள், உதைத்துவிட்டு என் முகத்தையே பார்ப்பாள். குழாயடியில் ஆம்பளை பீத்துணி அலசுகிறான் என்று சிலர் பேசினார்கள். பேசட்டும். என் பிள்ளை, என் வேலை.

குன்னூர்_ஆயாம்மா:

கண்ணு, கோத்தகிரித் தம்பி சொன்னது அத்தனையும் சரி. எஸ்டேட் கிரீச்சில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். 1951 தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் வந்த வசதி அது. அம்மாக்கள் கொழுந்து பறிக்கப் போனால் பிள்ளைகள் எங்கள் கையில். அப்போது எல்லாமே துணிதான்.

தாய்ப்பால் மட்டும் குடிக்கிற வரை பச்சைத் தண்ணீரில் அலசினாலே மலம் போய்விடும். கஞ்சி, சாதம் ஆரம்பித்த பிறகு கக்கூஸில் உதறிக் கொட்டிவிட்டு அலசணும். கறை இருந்தால் விட்டுவிடு, என்றைக்கு வெயில் எட்டிப் பார்க்கிறதோ அன்றைக்கு ஈரத்தோடு வெயிலில் விரி, தானாக வெளுக்கும். துணிக்கு வாசனைத் தண்ணீர் எதுவும் ஊற்றாதே, நூலில் படிந்து ஈரம் இழுக்காமல் பண்ணிவிடும். பகலில் கொஞ்ச நேரம் ரப்பர் ஷீட் மேல் ஒரு துணி விரித்து, கட்டாமல் விடு. பிள்ளைக்கும் காற்றாடும், உனக்கும் துவைக்க ஒன்று குறையும்.

ஊட்டி_ஸ்டாஃப்நர்ஸ்:

அண்ணா, நானும் ஒரு அப்பா. பாதி காய்ந்த துணியை மட்டும் கட்டவே கட்டாதீர்கள். தொடை இடுக்கில் நல்ல சிவப்பாகி, சுற்றிலும் சின்னச் சின்னப் புள்ளிகள் வந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம். டாக்டரிடம் காட்டுங்கள், பவுடர் போட வேண்டாம். ஏதாவது கிரீம் பூசினால் மேலே ஒரு மெல்லிய துணி வைத்துக் கட்டுங்கள், இல்லையென்றால் கிரீம் ஏறி வேட்டித் துணி ஈரம் குடிக்காது.

நாற்றம் பிடித்த துணிகளைக் கொதிக்க வையுங்கள். நம் உயரத்தில் தண்ணீர் 93, 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், அது போதும். உறையை மட்டும் அதில் போடக் கூடாது, உள்பூச்சும் எலாஸ்டிக்கும் கெட்டுவிடும்.

ஹீட்டரைப் பற்றி ஒரு விஷயம். இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2008இல் இரண்டையும் ஒப்பிட்டது. இரண்டரை வயது வரை ஒரு குழந்தைக்குக் கடை டயப்பரால் சுமார் 550 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான வாயு வெளியேறுகிறது, துணியால் சுமார் 570 கிலோ. கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் கொடியில் காய வைத்து, மெஷினை நிறைத்து ஓட்டி, அடுத்த குழந்தைக்கும் அதே துணியைப் பயன்படுத்தினால் துணியின் அளவு 40 சதவீதம் குறைகிறது. சூடு போட்டுக் காய வைத்தால் ஏறிவிடுகிறது. ஆகவே என் ஓட்டும் ஃபேனுக்குத்தான். எங்காவது பயணம் போகிற நாளில் கடை டயப்பர் போட்டால் தப்பே இல்லை. காகிதத்தில் நன்றாகச் சுற்றி வைத்திருந்து வண்டி வரும்போது கையில் கொடுங்கள். குப்பை விதிகளும் சுற்றித்தான் கொடுக்கச் சொல்கின்றன.

நடுவட்டம்_அப்பா:

எல்லோருக்கும் நன்றி. மாமனார் கேட்டதும் வேட்டிகளை எடுத்துக் கொடுத்துவிட்டார், கிழித்ததும் அவரேதான். கூடலூரில் ஃபேன் வாங்கினோம். சாயங்காலம் விரித்தது காலையில் மொடமொடவென்று இருக்கிறது. மனைவிக்கும் நிம்மதி. இரவில் மட்டும் ஒற்றைத் துணி தாங்கவில்லை, நடுராத்திரி முதுகு வரை நனைந்து அழுகிறாள். அண்ணா, அதற்கு என்ன செய்வது?

கோத்தகிரி_டீமேக்கர்:

இப்போது அந்த மூங்கில் பட்டையை வெளியே எடுங்கள் தம்பி. இரவுக்கு மட்டும் வேட்டித் துணிக்குள் ஒன்றை வைத்து மடியுங்கள். இரவுக்கு ஒன்றிரண்டுதான் ஆகும், ஃபேனுக்கு நேர் முன்னால் தொங்கவிட்டால் காய்ந்துவிடும். நடுராத்திரி மாற்றும்போது மாற்றுத் துணியைப் போர்வைக்குள் வைத்து வெதுவெதுப்பாக்கி வைத்திருங்கள். உங்கள் கையையும் முதலில் வெந்நீரில் நனைத்துத் துடைத்துக்கொள்ளுங்கள், நடுவட்டத்துக் குளிரில் சில்லிட்ட கை பட்டாலே பிள்ளை தூக்கம் கலைந்துவிடும்.