ஆலயம் பூட்டப்படும் காலத்துக்கு ஒரு சேகரம் என்ன ஏற்பாடு செய்து வைக்கலாம்?

கேள்வி – சேகரச் செயலர், திருநெல்வேலி மாவட்டம்

அனைவருக்கும் தோத்திரம். இனியொரு கொள்ளைநோய் வந்து ஆலயத்தைப் பூட்ட நேர்ந்தால் சபை என்ன செய்ய வேண்டும் என்று ஒரு குறிப்பு எழுதி வைக்கும்படி எங்கள் சேகரக் கமிட்டி (சேகரம் என்பது ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகளின் தொகுதி) என்னிடம் சொல்லியிருக்கிறது. 2020 மார்ச் 25 அன்று கொரோனாவுக்காக நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியபோது எங்களிடம் அப்படி எதுவும் இருக்கவில்லை. ஏப்ரல் 5 குருத்தோலை ஞாயிறும், பெரிய வெள்ளியின் மூன்று மணிநேர மும்மணி ஆராதனையும், ஏப்ரல் 12 உயிர்த்தெழுந்த பண்டிகையும் ஐயரவர்கள் (எங்கள் குருவானவர்) வீட்டு முன்னறையில், ஸ்டூல் மேல் சாய்த்து வைத்த ஒரு கைப்பேசிக்கு முன்னால் நடந்து முடிந்தன. அந்த ஒளிபரப்பைத் துபாயிலும் சென்னையிலும் இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பார்த்தார்கள். ஆலயத்துக்குப் பின்தெருவில் பீடி சுற்றிப் பிழைக்கும் குடும்பங்கள் பலவற்றால் பார்க்க முடியவில்லை.

எனக்குத் தெளிவு வேண்டிய இடங்கள் இரண்டு. முதலாவது திருவிருந்து, அதாவது கிறிஸ்துவின் மரணத்தை நினைவுகூர்ந்து சபையாகக் கூடி அப்பமும் திராட்சரசமும் பெறுவது. சில வீடுகளில் தாங்களே அப்பமும் திராட்சரசமும் எடுத்து வைத்துக்கொண்டு திரைக்கு முன் அமர்ந்தார்கள்; வேறு சிலர் அது முறையல்ல என்று மாதக்கணக்கில் எதுவும் பெறாமலே இருந்தார்கள்; ஆலயம் திறந்த பிறகும் இரு சாராருக்கும் இடையிலான மனத்தாங்கல் எளிதில் தீரவில்லை. இரண்டாவது, நல்ல கைப்பேசி இல்லாதவர்களும் படுக்கையில் இருப்பவர்களும் தாங்கள் இந்தச் சபையைச் சேர்ந்தவர்கள் என்று உணரும்படி என்ன செய்வது என்பது. கேமரா, மைக் பற்றிய ஆலோசனைகள் போதுமான அளவு கிடைத்துவிட்டன. தயவுசெய்து அவை வேண்டாம்.

பதில் – ஓய்வுபெற்ற குருவானவர், நாசரேத்

சகோதரர் அவர்களுக்கு. உங்கள் முதல் கேள்விக்கு நம் முன்னோர் கையிலிருந்த ஜெபப் புத்தகத்திலேயே விடை இருக்கிறது. 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) உருவாவதற்கு முன், திருநெல்வேலியின் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த) சபைகளுக்கு அடிப்படையாக இருந்தது 1662-ஆம் ஆண்டின் பொது ஜெபப் புத்தகம். நோயாளிக்குத் திருவிருந்து கொடுக்கும் முறைமையின் இறுதியில் அதில் இரண்டு ஒழுங்குகள் உள்ளன. கடும் நோயாலோ, உடன் பெறுவதற்கு ஆள் இல்லாமையாலோ, வேறு நியாயமான தடையாலோ ஒருவர் அதைப் பெற முடியாமற்போனால், அவர் உண்மையாய் மனந்திரும்பி, கிறிஸ்து தமக்காகச் சிலுவையில் மரித்தார் என்று உறுதியாய் விசுவாசித்து, நன்றியோடு அதை நினைவுகூரும்போது, வாயினால் பெறாவிட்டாலும் தம் ஆத்துமாவுக்கு நன்மை உண்டாகும்படி பெறுகிறார் என்று குரு அவருக்குப் போதிக்க வேண்டும் என்பது ஒன்று. மற்றொன்று கொள்ளைநோய்க் காலத்துக்கென்றே எழுதப்பட்டது: தொற்றுக்கு அஞ்சி அண்டை அயலார் எவரும் உடன் பெற வராத நிலையில், நோயாளி விரும்பிக் கேட்டால் குரு ஒருவரே அவரோடு சேர்ந்து பெறலாம்.

ஆகவே, பெறாமல் காத்திருந்தவர்கள் எதையும் இழக்கவில்லை. திரைக்கு முன் எடுத்துக்கொண்டவர்களைக் கடிந்துகொள்ள எனக்கு மனமில்லை, ஏக்கத்தினால் செய்தார்கள். ஆனாலும் அவரவர் வீட்டில் அவரவர் தட்டு என்று ஆகும்போது திருவிருந்தின் பொருளே மங்குகிறது என்பதுதான் என் கருத்து. ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்று பவுல் கொரிந்து சபைக்கு எழுதியது இந்த மேசையைப் பற்றியே. இதை நோய் வந்த பிறகு விளக்கினால் சமாளிப்பாகத் தோன்றும். முதல்முறை திருவிருந்து பெறுவதற்கு முன் நடக்கும் திடப்படுத்தல் வகுப்பிலேயே கற்றுக்கொடுத்துவிட வேண்டும்.

பதில் – பெண்கள் ஐக்கிய சங்க உறுப்பினர், தூத்துக்குடி

ஐயரவர்கள் சொன்னதற்கு மேல் திருவிருந்தைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. இரண்டாவது கேள்விக்கு மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் சபையைக் கூட்டி வைத்திருந்தது ஒரு நோட்டுப் புத்தகம். சபைப் பதிவேட்டில் குடும்பத் தலைவர் பெயரும் சங்கக் காணிக்கைத் தொகையும்தான் இருக்கும். அதை வைத்துக்கொண்டு ஆபத்துக் காலத்தில் ஒன்றும் செய்ய முடியாது. எங்கள் நோட்டில் தெருவாரியாக, எந்த வீட்டில் யார் தனியாக இருக்கிறார், யாருக்கு சர்க்கரை மாத்திரை எப்போது தீரும், யாருடைய மகன் எந்த ஊரில் இருக்கிறான், எந்த எண்ணுக்குக் கூப்பிட்டால் எடுப்பார்கள் என்றெல்லாம் பென்சிலால் எழுதியிருந்தோம், ஏனென்றால் எல்லாமே மாறிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு சகோதரிக்கும் சில வீடுகள் பொறுப்பு. பட்டன் போன் வைத்திருந்தவர்களை மாலை நேரத்தில் மூன்று நான்கு பேராக ஒரே அழைப்பில் சேர்த்து, ஒரு சங்கீதம் வாசித்து, ஒரு பாட்டின் முதல் சரணத்தைப் பாடி, ஜெபித்து முடிப்போம். காது மந்தமான ஒரு பாட்டி, வாசிப்பு வேண்டாம், பாட்டு மட்டும் போதும், அதுவும் சத்தமாக என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்; ஆளுக்கொரு நொடி பிந்திக் கேட்கும் அந்தப் பாட்டுக்கு அவர் ஒருவர்தான் தாளம் தவறாமல் பாடினார்.

சாயங்காலம் ஏழு மணிக்குக் ஆலயப் பணியாளரான கோயில்குட்டியார் தனியாகப் போய் மணியடிப்பார். அந்த நேரத்தில் எல்லா வீடுகளிலும் குடும்ப ஜெபம் என்பது ஏற்பாடு. பிடியரிசிக் காணிக்கையை நிறுத்தாமல் சேர்த்து, கடல் தொழிலுக்குப் போக முடியாதிருந்த வீடுகளுக்குக் கொடுத்தோம்; அதில் நம் சபை, பிற சபை, பிற மதம் என்று பார்க்கவில்லை.

பதில் – சபை வரலாறு படிப்பவர், மதுரை

அம்மா குறிப்பிட்ட மணியோசைக்குப் பழைய முன்னோடி ஒன்று உண்டு. 1576-இல் மிலான் நகரில் கொள்ளைநோய் பரவி மக்கள் வீடுகளுக்குள் அடைக்கப்பட்டபோது, பேராயர் கார்லோ பொரோமேயோ தெருச்சந்திகளில் பீடங்கள் அமைத்து, சன்னல்களிலிருந்தே மக்கள் பூசை காணும்படி செய்தார். நாளொன்றுக்கு ஏழு முறை மணியடிக்கும். ஒவ்வொரு முறையும் மக்கள் வாசலிலும் சன்னலிலும் நின்று மாறி மாறி மன்றாட்டுச் சொல்வார்கள்.

இத்தகைய பேச்சில் இங்கிலாந்தின் டார்பிஷயரில் உள்ள ஈயம் கிராமம் வராமல் இராது. 1665-இல் அங்கே நோய் நுழைந்தது; 1666-இல், அதை அயலூர்களுக்குப் பரப்பாதபடி ஊரார் தங்களைத் தாங்களே அடைத்துக்கொண்டார்கள். ஆலயத்தை மூடி, குக்லெட் டெல்ஃப் என்ற பள்ளத்தாக்கில் குடும்பம் குடும்பமாக விலகி நின்று ஆராதித்தார்கள். எல்லைக் கல்லின் குழிகளில் வினிகரை ஊற்றி, அதில் காசைப் போட்டு உணவு வாங்கினார்கள். அவர்களுடைய தியாகத்தை மட்டும் எடுத்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஊருக்குப் புதிதாக வந்த குரு வில்லியம் மாம்பசனுக்கு ஊராரிடம் செல்வாக்கு இல்லை. செல்வாக்கு முந்திய குரு தாமஸ் ஸ்டான்லியிடம் இருந்தது. அவரோ ஐயா மேலே காட்டிய அதே 1662 ஜெபப் புத்தகத்தை ஏற்க மறுத்துப் பதவி இழந்தவர். அந்த இருவரும் சேர்ந்து நின்றதால்தான் ஊர் கேட்டது. நம் ஊர்களில் சி.எஸ்.ஐ. ஐயரும் பெந்தெகொஸ்தே பாஸ்டரும் பங்குத்தந்தையும் நோய் வருவதற்கு முன்பே ஒருமுறை உட்கார்ந்து பேசியிருக்கிறார்களா என்று உங்கள் கமிட்டி கேட்டுப் பார்க்கலாம்.

அந்தப் பேச்சில் அடக்கமும் இடம்பெறட்டும். ஈயத்தில் அவரவர் குடும்பத்தாரே தம் இறந்தோரைத் தோட்டத்திலும் வயலிலும் புதைக்க வேண்டியிருந்தது. எலிசபெத் ஹன்காக் என்ற பெண் 1666 ஆகஸ்டில் எட்டு நாட்களுக்குள் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தானே அடக்கம் செய்தார். 2020 ஏப்ரலில் சென்னையில் தொற்றால் இறந்த ஒரு கிறிஸ்தவ மருத்துவரின் உடலைக் கீழ்ப்பாக்கம் கல்லறையில் அடக்க விடாமல் கூட்டம் தடுத்ததும், இரவோடு இரவாக வேலங்காட்டில் அடக்க நேர்ந்ததும் நமக்கு மறந்திருக்காது.

பதில் – செவிலியர், வேலூர்

மூடுவதைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டீர்கள். திறப்பதைப் பற்றியும் உங்கள் குறிப்பில் எழுதுங்கள், ஏனெனில் தமிழ்நாட்டில் 2020 செப்டம்பர் 1 அன்று வழிபாட்டிடங்கள் திறந்தபோது பல சபைகளில் அவசரம்தான் தெரிந்தது. பாடல்தான் கவனிக்க வேண்டிய இடம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2020 மார்ச் 10 அன்று ஒரு பாடகர் குழு ஒத்திகைக்குக் கூடியது. வந்தவர்கள் 61 பேர், அவர்களில் உறுதியானதும் ஐயத்துக்குரியதுமாக 53 பேருக்கு நோய் கண்டது, இருவர் இறந்தார்கள். பாடகர் குழுவை முதல் வாரமே மேடையேற்றாதீர்கள். சன்னல்களைத் திறந்து வையுங்கள். முடிந்தால் முற்றத்து வேப்பமரத்தடியில் ஆராதனையை நடத்துங்கள். முகக்கவசம் போடுவது விசுவாசக் குறைவு என்று யாராவது எழுந்து பேசினால், 1527-இல் விட்டன்பர்க்கில் கொள்ளைநோயின் நடுவே தங்கியிருந்து நோயாளிகளைக் கவனித்த, சீர்திருத்தச் சபைகளின் முன்னோடியான மார்ட்டின் லூத்தரே, மருந்து உட்கொள்ளவும் வீட்டைப் புகையிட்டுச் சுத்தம் செய்யவும், தேவையில்லாத இடங்களுக்குப் போகாதிருக்கவும் எழுதினார் என்று சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. வரும் கமிட்டிக் கூட்டத்தில் தெருவாரி நோட்டையும், அயல் சபையாரோடும் ஊராட்சித் தலைவரோடும் கல்லறைத் தோட்டம் பற்றிப் பேசி வைப்பதையும் முன்வைக்கிறேன். திருவிருந்து குறித்த ஒழுங்கை ஐயரவர்களிடம் கொடுத்துவிட்டேன். திரைக்கு முன் பெற்ற குடும்பங்கள் அதை ஒத்துக்கொள்வார்களா என்பது ஐயமே. தூத்துக்குடி அம்மாவிடம் ஒரு கேள்வி: மருந்து விவரமெல்லாம் எழுதப்பட்ட அந்த நோட்டு யார் கையில் இருந்தது? கமிட்டியில் எல்லாரும் புரட்டிப் பார்க்கும்படி வைக்க எனக்கு விருப்பமில்லை.

பதில் – பெண்கள் ஐக்கிய சங்க உறுப்பினர், தூத்துக்குடி

சரியாகக் கேட்டீர்கள். ஒவ்வொரு தெருவின் தாளும் அந்தத் தெருவுக்குப் பொறுப்பான சகோதரியிடம் மட்டும் இருந்தது. முழு நோட்டு ஐயரம்மாவின் (குருவானவரின் மனைவியின்) பீரோவில் இருந்தது. கமிட்டியார் கேட்டார்கள், கொடுக்கவில்லை.