கணக்கில் முந்தி ஓடும் பிள்ளைகளுக்குச் செய்முறைத் திட்டங்கள் தேவை

ஆசிரியர் நண்பர்களுக்கு வணக்கம். எட்டாம் வகுப்பில் கணக்கில் ரொம்பக் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு வாரம் ஒருநாள் தனி வகுப்பு எடுக்கிறேன். பாடப்புத்தகக் கணக்கைக் கொடுத்த கையோடு முடித்துவிடுகிறார்கள். அதே மாதிரிக் கணக்கையே திரும்பத் திரும்பக் கொடுப்பது அவர்களுக்குத் தண்டனை.

போன வாரம் ஸ்கிராட்ச் என்ற, கட்டங்களை அடுக்கி நிரல் எழுதும் மென்பொருளில் கொலாட்ஸ் கணக்கைப் போட்டுப் பார்த்தோம். இரட்டை எண் என்றால் பாதியாக்கு, ஒற்றை என்றால் மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டு; வரும் விடைக்கும் 1 வரும்வரை இதையே செய். 26 பத்தே படியில் 1-க்கு வந்துவிட்டது. அடுத்த எண்ணான 27 மட்டும் 9232 வரை ஏறி, 111 படி கழித்துத்தான் 1-க்கு இறங்கியது. "ஏன் மிஸ்?" என்று ஒரு மாணவி விடவே இல்லை. எல்லா எண்ணும் 1-க்கு வரும் என்பதை இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை என்றதும் வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது.

இந்த மாதிரி, ஒரு மாதமாவது அவர்களைப் பிடித்து வைக்கும் வேலைகள் வேண்டும். நிகழ்தகவு, வடிவியல் பக்கம் இருந்தால் ரொம்ப நல்லது. இருப்பது பழைய லேப்டாப்கள்தான். இணையத்தை நம்ப முடியாது என்பதால் ஸ்கிராட்சையும், வடிவங்களை வரைந்து பார்க்கும் மென்பொருளான ஜியோஜீப்ராவையும் இறக்கி வைத்திருக்கிறேன். மைக்ரோபிட் (நிரல் எழுதி இயக்கும் சின்னக் கணினிப் பலகை) வைத்து வகுப்பில் செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

அப்புறம், மதிப்பெண் எப்படிப் போடுகிறீர்கள்? விடையைவிட அவர்கள் யோசித்த வழிக்கே கூடுதலாகத் தர நினைக்கிறேன். நீங்கள் பயன்படுத்தும் மதிப்பீட்டுத் தாள் இருந்தால் தயவுசெய்து பகிருங்கள்.