தமிழில் ஓட்டம், ஆங்கிலத்தில் நொண்டி: எனக்கு மட்டும்தானா?

கேள்வி:
தமிழ் நாவல் என்றால் ஒரே இருப்பில் நூறு பக்கம் போய்விடும். ஆங்கிலத்தில் பத்துப் பக்கத்துக்குள் நாக்குத் தள்ளுகிறது. சொற்கள் தெரியாமல் இல்லை. அகராதியைத் தொடுவதே அபூர்வம். 'ஹூ', 'விச்' வரும் நீள வாக்கியம்தான் வம்பு. முற்றுப்புள்ளிக்கு வந்து சேர்வதற்குள் யாரைப் பற்றிய பேச்சு என்பதே மறந்துபோய், மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறேன். இது என் மண்டைக் கோளாறா, தமிழ் படித்துப் பழகியதால் வருவதா?

பதில் 1:
மண்டை நன்றாகத்தான் இருக்கிறது. 'நேற்று கடன் கேட்டு வந்த மனிதர்' என்று தமிழில் படிக்கும்போது விவரமெல்லாம் முதலில் வந்துவிடும், ஆள் கடைசியில் வருவார். ஆங்கிலத்தில் ஆள் முதலிலேயே வந்து நிற்பார். அவருக்குப் பின்னால் 'ஹூ' போட்டு வால் நீளும், அந்த வால் முடிந்த பிறகுதான் அவருடைய வினை வரும். அதுவரை ஆளை விடாமல் பிடித்து வைத்திருக்க வேண்டும். தமிழ் வாக்கியத்தில் அந்த வேலை நமக்கு இவ்வளவு கிடையாது. நான் பென்சிலால் 'ஹூ'விலிருந்து வால் முடியும் இடம்வரை அடைப்புக்குறி போட்டுவிட்டு, மிச்சத்தை முதலில் படிப்பேன். கொஞ்ச நாளில் பென்சில் தேவைப்படவில்லை.

பதில் 2:
எழுத்தை விட்டுவிட்டீர்களே. தமிழில் எழுத்துக் கூட்டினால் சொல் வந்துவிடும் (ககரம் இடத்துக்கு இடம் ஒலி மாறுவது தனிக் கதை). ஆங்கிலத்தில் 26 எழுத்தை வைத்துக்கொண்டு நாற்பதுக்கும் மேற்பட்ட ஒலிகளைச் சமாளிக்கிறார்கள். 'கர்னல்' என்ற சொல்லை எழுத்தில் கண்டபடி 'கொலொனெல்' என்றே பல வருடம் மனத்துக்குள் படித்துவந்தேன். பிறர் வாயில் வரும் கர்னல் வேறு ஏதோ பதவி என்று நினைப்பு! அரபு படித்து வளர்ந்தவர்களுக்குச் சிக்கல் வேறு இடத்தில். அவர்கள் எழுத்தில் குறில் உயிர்களைப் பெரும்பாலும் எழுதுவதில்லை. அந்தப் பழக்கத்தில் ஆங்கிலச் சொல்லில் உயிரெழுத்து விடுபட்டாலும் கண்ணில் படாமல் போவதுண்டு.

பதில் 3:
எல்லாப் பழியையும் தாய்மொழிமேல் போடாதீர்கள். தாய்மொழியில் பழகிய வாசிப்புத் திறன் இரண்டாம் மொழிக்கும் கைகொடுக்கும் என்று மொழிக்கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979லேயே எழுதினார். அப்புறம், தமிழில் நாவல் சரி, ஆங்கிலத்தில் என்ன படிக்கிறீர்கள்?

கேட்டவர்:
கட்டுரைதான். மாட்டிக்கொண்டேன். பென்சில் வழியையும் முயன்றேன்: ஒரு பக்கத்துக்கு ஏழு அடைப்புக்குறி. ஒரு வாக்கியத்தில் மட்டும் அடைப்புக்குள் இன்னொரு அடைப்பு வந்தது. அந்த ஆளுக்கு வினை எங்கே என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.