மேசை ஓவனில் ஆப்பிள் காப்ளர்: மேலே சிவக்கிறது, அடியில் மாவு வேகவில்லை

சிப்புட் மருமகள்:

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். என் நாத்தனார் மகள் அமெரிக்காவில் படித்துவிட்டு இப்போதுதான் வந்திருக்கிறாள். வருகிற வெள்ளிக்கிழமை அவளுக்குப் பிறந்தநாள். "அத்தை, கேக் வேண்டாம், ஆப்பிள் காப்ளர் செய்து கொடுங்கள்" என்கிறாள். பழத்தின்மேல் மாவை வைத்து ஓவனில் சுடுகிற அமெரிக்க இனிப்பு அது. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் முட்டை தொட மாட்டோம். காப்ளருக்கு முட்டை தேவையில்லை என்று தெரிந்ததும் சரி, செய்துவிடலாம் என்று ஒத்துக்கொண்டேன்.

என்னிடம் இருப்பது மேலும் கீழும் சூடேற்றும் கம்பி உள்ள மேசை ஓவன். தீபாவளிக்கு அன்னாசி டார்ட், பிஸ்கட் எல்லாம் அதில்தான். வெள்ளோட்டமாக ஒரு முறை செய்து பார்த்தேன். பச்சை ஆப்பிளை வெட்டி, சீனியும் பட்டைத் தூளும் போட்டுப் பிரட்டி, மேலே மாவைக் கரண்டியால் வைத்து, 180 டிகிரியில் 40 நிமிடம். மேலே பார்த்தால் அழகாகச் சிவந்திருந்தது. கரண்டியை விட்டால் அடிப்பக்க மாவு அரைவேக்காட்டுக் கொழுக்கட்டை மாதிரி பிசுபிசு என்று வருகிறது. அதற்கும் கீழே ஒரே தண்ணீர். ஆப்பிளோ நறுக் நறுக்கென்று கடிபடுகிறது. சூட்டைக் கூட்டினால் மேலே கருகும். என்ன செய்யலாம்?

அப்புறம், பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) சிவப்பு ஆப்பிள்தான் மலிவு. அது ஆகுமா? வெண்ணெய் ஐஸ் பெட்டியை விட்டு வெளியே வந்த உடனே இளகிவிடுகிறது. மார்ஜரின் போட்டால் குற்றமா?

தைப்பிங் மச்சான்:

40 நிமிடம் எங்கே போதும்? மேலே அலுமினியத் தாளைப் போட்டு மூடி ஒரு மணி நேரம் விடுங்கள். வேகாமல் எங்கே போகும்!

பீடோர் அடுப்படி:

மச்சான் சொன்னதைச் செய்துவிடாதீர்கள் தங்கச்சி. ஆரம்பத்திலிருந்தே மூடி வைத்தால் ஆவி வெளியே போக வழியில்லாமல் மாவு அவிந்துவிடும். பிறந்தநாள் பிள்ளைக்கு ஆப்பிள் புட்டுதான் கிடைக்கும்.

நான் பீடோரில் வீட்டிலேயே கேக் ஆர்டர் எடுத்துச் செய்கிறவள். என்னுடையதும் மேசை ஓவன்தான். கோளாறு உங்கள் ஓவனில் இல்லை, பழத்தில் இருக்கிறது. ஐஸ் பெட்டியிலிருந்து வந்த பச்சை ஆப்பிள் சூடேறிக் கொதிப்பதற்குள் முக்கால்வாசி நேரம் ஓடிவிடும். அதுவரை மாவுக்கு அடியிலிருந்து சூடு கிடையாது. வெண்ணெய் உருகிக் கீழே இறங்கும், ஆப்பிள் விடுகிற தண்ணீரை மாவு குடிக்கும். மேல்பக்கம் மட்டும் கம்பிக்குப் பக்கத்தில் இருப்பதால் சிவந்துவிடும். அந்தச் சிவப்பைப் பார்த்து நாமும் வெந்துவிட்டது என்று எடுத்துவிடுகிறோம். பழம் கொதித்துக்கொண்டிருக்கும்போதுதான் அதன்மேல் மாவு விழ வேண்டும். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் சில்லறை.

அதனால் ஆப்பிளை முதலில் அடுப்பில் வேகவையுங்கள். ஒரு கிலோ பச்சை ஆப்பிள். தோலும் விதையும் நீக்கி, சுண்டு விரல் தடிமனுக்கு நறுக்குங்கள். 100 கிராம் சீனி (சிவப்புச் சீனி இருந்தால் அது), ஒரு மேசைக்கரண்டி சோள மாவு (கார்ன்பிளவர்), அரைத் தேக்கரண்டி பட்டைத் தூள், ஒரு சிட்டிகை உப்பு. எல்லாவற்றையும் பிரட்டி, அகலமான சட்டியில் ஒரு கரண்டி வெண்ணெயோடு நடுத்தரத் தீயில் வையுங்கள். கையோடு அங்கேயே நில்லுங்கள், போன் பார்க்கப் போக வேண்டாம். முதலில் சீனி உருகித் தண்ணீராக ஓடும், பார்க்கவே பயமாக இருக்கும். பிறகு அந்தச் சாறு சோள மாவால் பால் போட்டதுபோல் கலங்கும். இன்னும் கொஞ்சம் பொறுத்தால் கலங்கல் தெளிந்து, பளபளப்பாகி, கரண்டியை இழுத்தால் பின்னாலேயே இழுபடும். குமிழி வேகமாக வெடிக்காது, பொளக்... பொளக்... என்று சோம்பலாக வெடிக்கும். ஆப்பிளின் ஓரம் கண்ணாடி போலிருக்கும், நடு மட்டும் வெள்ளையாக இருக்கும். அதுதான் பதம். சோள மாவு நன்றாகக் கொதி வந்தால்தான் இறுகும். அந்தக் கொதி உங்களுக்கு ஓவனுக்குள் வரவே இல்லை, அதனால்தான் அடியில் தண்ணீர் நின்றது.

மாவுக்கு: 150 கிராம் கோதுமை மாவு (ரொட்டிக்குப் பிசைகிற ஆட்டா வேண்டாம், வெள்ளை மாவு), 2 தேக்கரண்டி பேக்கிங் பவுடர், 2 மேசைக்கரண்டி சீனி, கால் தேக்கரண்டி உப்பு, 60 கிராம் வெண்ணெய், 100 மில்லி பால். பாலில் ஒரு கஸ்தூரி எலுமிச்சை பிழிந்து வைத்தால் மாவு இன்னும் மிருதுவாக வரும். வெண்ணெயை விரலால் தேய்க்கச் சொல்வார்கள். குளிர் தேசத்துக்காரர்களுக்கு அது சரி. நம் ஊர் வெயிலில் தேய்த்தால் எண்ணெய்தான். கல்லாக உறைய வைத்து, கேரட் துருவியில் நேராக மாவின்மேல் துருவிவிடுங்கள், முட்கரண்டியால் கிளறினால் போதும். பாலை ஆப்பிள் கொதித்த பிறகுதான் ஊற்ற வேண்டும், ஏனென்றால் பேக்கிங் பவுடர் ஈரம் பட்டவுடனே வேலையைத் தொடங்கிவிடும். பிசையாதீர்கள். அங்கங்கே உலர்ந்த மாவு தெரிந்தாலும் பரவாயில்லை.

கொதிக்கிற ஆப்பிளைத் தட்டில் கொட்டி, மாவைக் கரண்டி கரண்டியாக இடைவெளி விட்டு வையுங்கள். முழுக்க மூடிவிட்டால் ஆவி போக இடமில்லை. 200 டிகிரி, கீழ்த்தட்டு, 25 முதல் 30 நிமிடம். ஓவனை முன்னதாகவே போட்டு, விளக்கு அணைந்தாலும் நம்பாமல் கால் மணி நேரம் காய விடுங்கள். மேலே சீக்கிரம் சிவந்தால் கடைசிப் பத்து நிமிடம் தாளை லேசாகப் போர்த்தலாம், அந்த அளவுக்கு மச்சான் சொன்னது சரி. வெந்ததா என்று மேலே பார்த்துத் தீர்மானிக்காதீர்கள். நடுவில் உள்ள பெரிய கட்டியின் ஓரத்தைக் கரண்டியால் தூக்கி அடியைப் பாருங்கள். பொரபொரவென்று இருந்தால் எடுக்கலாம், மினுமினுவென்று இருந்தால் இன்னும் ஐந்து நிமிடம்.

ஆப்பிள் விஷயம். பச்சை ஆப்பிள் என்று நாம் வாங்குவது கிரானி ஸ்மித். 1868இல் சிட்னி பக்கம் மரியா ஆன் ஸ்மித் என்ற பாட்டியின் தோட்டத்தில் தானாக முளைத்த மரத்திலிருந்து வந்தது. புளிப்பும் உண்டு, வெந்தாலும் துண்டு துண்டாக நிற்கும். கருஞ்சிவப்பாக, அடியில் ஐந்து முண்டு வைத்திருக்கிற ஆப்பிள் வெந்தால் கூழ்தான், ருசியும் நிற்காது. அதை அர்ச்சனைத் தட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். செலவைக் குறைக்க வேண்டுமென்றால் பச்சை இரண்டு பங்கு, இனிப்பான பூஜி ஆப்பிள் ஒரு பங்கு போடலாம்.

மார்ஜரின் குற்றமில்லை, மணம்தான் வராது. அதில் உப்பு இருக்கும், மாவில் தனியாகப் போட வேண்டாம்.

குளுவாங் காளை:

அக்கா இவ்வளவு நீளமாக எழுதுவதற்குள் நான் காப்ளரே செய்து முடித்துவிடுவேன். துருவல், இடைவெளி, ஒன்றும் வேண்டாம். அரைக் கப் வெண்ணெயைத் தட்டிலேயே போட்டு ஓவனில் உருக்குங்கள். ஒரு கப் மாவு, ஒரு கப் சீனி, ஒரு கப் பால், இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், எல்லாம் கலக்கி அந்த வெண்ணெய்மேல் ஊற்றுங்கள், கிளறக்கூடாது. அதற்குமேல் பழம். மாவு தானாகப் பொங்கிப் பழத்தை மூடிக்கொண்டு மேலே வரும். முட்டை இதிலும் கிடையாது.

பீடோர் அடுப்படி:

தம்பி சொல்வதும் காப்ளர்தான், மறுக்கவில்லை. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அப்படிச் செய்கிறார்கள், பீச் பழத்துக்கு அது பொருத்தம். ஆனால் ஆப்பிளைப் பச்சையாகப் போட்டால் அதிலும் கடிபடும், வேகவைத்துத்தான் போட வேண்டும். ஒரு கப் சீனி எனக்கு அதிகம். தவிர அது கேக் மாதிரி மெத்தென்று வரும், மேலே மொறுமொறுப்பு ஓரத்தில் மட்டும்தான். தங்கச்சி, முதலில் அந்தப் பிள்ளையிடம் கேளுங்கள், அவள் அங்கே சாப்பிட்டது எது? எந்த மாநிலத்தில் படித்தாள்?

சிப்புட் மருமகள்:

கேட்டுவிட்டேன் அக்கா. ஓஹாயோவில் படித்தாள். தோழி வீட்டில் சாப்பிட்டாளாம். மேலே கட்டி கட்டியாக இருக்கும், நடுநடுவே சாறு கொப்பளித்து ஓரம் ஒட்டிப் போயிருக்கும், அந்த ஒட்டினதைச் சுரண்டித் தின்னச் சண்டை போடுவார்களாம். அப்படியென்றால் உங்கள் வகைதான். குளுவாங் தம்பி, உங்களுடையதை இன்னொரு நாள் பார்க்கிறேன்.

இன்னும் இரண்டு சந்தேகம். என்னிடம் கண்ணாடித் தட்டு ஒன்று, அலுமினியத் தட்டு ஒன்று, மாமியாருடைய பழைய மங்குத் தட்டு ஒன்று இருக்கிறது. எதில் வைப்பது? வெள்ளிக்கிழமை வேலை முடிந்து நான் வீடு சேரவே ஆறு மணியாகும். முதல் நாளே என்ன செய்து வைக்கலாம்? மாமியாருக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) வேறு, அவரும் ஒரு வாய் சாப்பிட ஆசைப்படுகிறார்.

தோட்டத்து வாத்தியார்:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். ஆப்பிளை முதலில் சட்டியில் வேகவைப்பது புதுக் கதை இல்லை. என் தகப்பனார் தோட்டத்தில் பெரிய துரை பங்களாவில் குசினி வேலை பார்த்தவர். அங்கே மின்சார ஓவன் ஏது? தகரப் பெட்டிதான், கீழே கரி, மூடிமேல் கரி. பாவுலு (சின்ன முட்டைக் கேக்) சுடும்போது மூடிமேல் கரியை அதிகம் வைப்பார், பழ வகைக்கு அடியில் அதிகம் வைப்பார். சட்டியில் இரண்டு கிராம்போடு ஆப்பிள் கொதிக்கும்போது பங்களா பின்வாசலில் நாங்கள் பிள்ளைகள் நிற்போம், தோலும் நடுப்பகுதியும் எங்களுக்கு. பட்டை தூக்கலாகிவிட்டால் துரைசானி தட்டைத் திருப்பி அனுப்பிவிடுவாராம். அன்றைக்கு எங்கள் லயத்தில் விருந்து. அப்பா வேண்டுமென்றே கை நீட்டிப் போட்டாரா என்று அம்மா சாகும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார்.

பட்டையைப் பற்றிப் பீடோர் அம்மா அரைத் தேக்கரண்டி என்றது சரியான அளவு. இங்கே மளிகைக் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்து வரும் தடித்த பட்டை. இலங்கைப் பட்டை மெல்லியது, அடுக்கடுக்காகச் சுருண்டிருக்கும், காரம் குறைவு. அது கையில் இருந்தால் ஒரு தேக்கரண்டி போடலாம்.

உங்கள் ஓவனில் மேல் கம்பி, கீழ்க் கம்பி என்று தனித்தனி விசை இருக்கிறதா பாருங்கள் மகளே. இருந்தால் முதல் 15 நிமிடம் கீழ்க் கம்பி மட்டும், பிறகு இரண்டும்.

பீடோர் அடுப்படி:

ஐயா சொன்ன கம்பிக் கணக்கு அருமை, நானும் இனி அப்படித்தான் வைக்கப் போகிறேன். கிராம்பையும் எழுதிக்கொண்டேன்.

தங்கச்சி, மாமியார் மங்குத் தட்டில் வையுங்கள். எனாமல் எங்கேயும் உதிரவில்லையே என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வெறும் அலுமினியம் வேண்டாம், ஆப்பிளின் புளிப்பு அதைத் தின்னும், உலோக வாடை வரும். கண்ணாடித் தட்டும் ஆகும், ஆனால் குளிர்ந்த தட்டில் கொதிக்கிற பழத்தைக் கொட்டினால் விரிசல் விடலாம். வெந்நீர் ஊற்றி வெதுவெதுப்பாக்கி, துடைத்துவிட்டுக் கொட்டுங்கள்.

வியாழன் இரவே ஆப்பிளை வேகவைத்து ஆறியதும் ஐஸ் பெட்டியில் வைத்துவிடலாம். மாவு, பேக்கிங் பவுடர், சீனி, துருவிய வெண்ணெய் எல்லாம் கலந்து பிளாஸ்டிக் பையில் கட்டி உறைய வையுங்கள், பால் சேர்க்க வேண்டாம். வெள்ளிக்கிழமை வந்ததும் முதல் வேலையாக ஓவனைத் தட்டிவிட்டு, ஆப்பிளைச் சட்டியில் மறுபடியும் பொளக் பொளக் வரும்வரை சூடாக்குங்கள். ரொம்ப இறுகிக் கிடந்தால் இரண்டு கரண்டி தண்ணீர் விடலாம். அப்புறம் மாவில் பாலை ஊற்றிக் கிளறி, மேலே வைத்து உள்ளே தள்ளுங்கள். நீங்கள் குளித்துச் சாமி விளக்கு ஏற்றுவதற்குள் வெந்துவிடும். வெளியே எடுத்து அரை மணி நேரம் ஆற விட்டால்தான் சாறு இறுகும். அதற்குமுன் கரண்டி போட யாரையும் விடாதீர்கள்.

மாமியாருக்காகப் பழத்தில் சீனியை 60 கிராமாகக் குறைத்து, பச்சையோடு பூஜி கலந்துவிடுங்கள். சோள மாவைக் குறைக்காதீர்கள். அவருக்குக் கொடுப்பது சின்னக் கிண்ணம்தான், மேலே ஐஸ்கிரீம் இல்லாமல். மாவும் ஆப்பிளுமே இனிப்பு நீரைக் கூட்டும், சீனியைக் குறைத்தாயிற்று என்று இரண்டாவது கிண்ணம் கேட்டால் விடாதீர்கள்.

குளுவாங் காளை:

மீதி இருந்தால் மைக்ரோவேவில் சூடு பண்ணாதீர்கள், மாவு சவசவத்துவிடும். 160 டிகிரியில் பத்து நிமிடம், மூடாமல்.

தைப்பிங் மச்சான்:

மீதியா? சிப்புட் இங்கிருந்து ரொம்பத் தூரமில்லை, வெள்ளிக்கிழமை நான் சும்மாதான் இருக்கிறேன்.