மல்டி ஜிபியூவுக்குத் தமிழ்ல "இரட்டை வரைகலை அட்டை" சரியா?

ஐயா வணக்கம்,

> "இரட்டை வரைகலை அட்டை" என்றே வைத்துவிடலாம். எளிமையாக உள்ளது.

எளிமைதான், ஆனா குழப்பும். என்விடியாவோட ஜிடிஎக்ஸ் 690 ஒரே கார்டுதான், உள்ள ஜிபியூ, அதாவது படம் வரையிற சிப், ரெண்டு. கேமிங் லேப்டாப்ல இன்டெல் ஒண்ணு என்விடியா ஒண்ணுன்னு ரெண்டு இருக்கும், ஆனா கேம் வரையிற வேலைய பங்கு போட்டுக்காது. நாம பேசுறது ரெண்டு கார்டை பிரிட்ஜ் போட்டு இணைச்சு ஒரே கேமை ஓட்டுறதப் பத்தி. எத்தனை கார்டுங்கிறத விட வேலைய எப்படிப் பங்கு போடுதுங்கிறதுதான் விஷயம், அதனால என் பரிந்துரை *பங்கீட்டு வரைவு*.

இப்படி கார்டுகளை இணைக்கிறதுக்கு என்விடியா வச்ச எஸ்எல்ஐ, ஏஎம்டி வச்ச கிராஸ்ஃபயர் ரெண்டும் வணிகப்பெயர், அப்படியே விட்டுடுவோம். அதுவும் எஸ்எல்ஐ 1998ல 3டிஎஃப்எக்ஸ் கம்பெனியோட வூடூ2 கார்டு காலத்துல ஸ்கேன் லைன் இன்டர்லீவ், ஒருவரி விட்டு ஒருவரி ரெண்டு கார்டும் வரையும். அப்புறம் 3டிஎஃப்எக்ஸோட சொத்தையெல்லாம் வாங்கின என்விடியா 2004ல அதே மூணு எழுத்துக்கு ஸ்கேலபிள் லிங்க் இன்டர்ஃபேஸ்னு வேற விரிவு குடுத்துடுச்சு, இதுல எதைன்னு மொழிபெயர்க்க?

> ஆல்டர்னேட் ஃப்ரேம் ரெண்டரிங் = மாற்றுச்சட்ட வரைவு

இதை மட்டும் வேணாம் ஐயா, சட்டசபைல எதிர்க்கட்சி கொண்டாந்த மசோதான்னு நினைச்சுக்குவாங்க :-) ஒரு ஃப்ரேம் (திரைல வர்ற ஒரு முழுப் படம்) இந்தக் கார்டு, அடுத்த ஃப்ரேம் அந்தக் கார்டு, அவ்வளவுதானே. வாய்க்கால் தண்ணிய முறை வச்சுப் பாய்ச்சுறத முறைப்பாசனம்ங்கிறோம்ல, அந்த வழியில *முறைவரைவு*. திரைய ரெண்டா வெட்டி ஆளுக்குப் பாதி குடுக்குறது *கூறுவரைவு*.

முறைவரைவுன்னு சொல்லிட்டா அதோட கோளாறும் ஈஸியா விளங்கும். முறை சீரா வரணும், வராது. ஒரு ஃப்ரேம் 5 மில்லிசெகண்ட்ல வந்து அடுத்தது 28 எடுத்துக்குச்சுன்னு வைங்க, சராசரி போட்டா கவுண்டர் 60 எஃப்பிஎஸ்னு (நொடிக்கு 60 ஃப்ரேம்) காட்டும், கண்ணுக்கு 30 மாதிரிதான் இழுக்கும். இந்த மைக்ரோ ஸ்டட்டருக்கு *நுண்திக்கல்* எப்படி? இன்னொண்ணு, டெம்பரல் ஆன்ட்டி ஏலியாசிங் (படத்தோட ஓரத்துல தெரியிற படிக்கட்டு வெட்ட மழுப்புறது) மாதிரி டெக்னிக்கெல்லாம் முந்தின ஃப்ரேம்ல இருந்து தகவல் எடுக்கும், முறைவரைவுல அந்த ஃப்ரேம் பக்கத்துக் கார்டுல கிடக்கும், அதைக் காப்பி பண்ணி இழுத்துட்டு வர்றதுக்குள்ள கிடைச்ச லாபமும் போயிடும். இது போதாதுன்னு 4 ஜிபி மெமரி உள்ள கார்டு ரெண்டு போட்டா கேமுக்கு 8 கிடைக்காது, அதே டெக்ஸ்சர் (பொருள் மேல ஒட்டுற படம்) ரெண்டுலயும் நகலா உக்காந்திருக்கும், 4 தான்.

கம்பாட்டிபிலிட்டிக்கு "ஒத்திசைவு" போடாதீங்க, அது சிங்க்ரனைசேஷனுக்கு வேணும். *இணக்கம்* போதும். எஸ்எல்ஐ-ல ரெண்டு கார்டும் ஒரே மாடலா இருக்கணும், மதர்போர்டுக்கும் சப்போர்ட் இருக்கணும், பவர் சப்ளையும் தாங்கணும், இத்தனையும் இருந்தும் கேமுக்கு டிரைவர்ல ப்ரொஃபைல் (அந்தக் கேமுக்கான அமைப்பு) இல்லைன்னா ரெண்டாவது கார்டு சும்மா கிடக்கும்.

> இன்று யாரும் பயன்படுத்தாத ஒன்றுக்குச் சொல் தேவையா?

கேமிங்ல கதை முடிஞ்சுது, ஒத்துக்கிறேன். 2021 ஜனவரியோட புது எஸ்எல்ஐ ப்ரொஃபைல என்விடியா நிறுத்திடுச்சு, ஆர்டிஎக்ஸ் 30 வரிசைல 3090, 3090 டிஐக்கு மட்டும் கார்டுகளை இணைக்கிற என்விலிங்க் இருந்துச்சு, 4090ல அதுவும் போச்சு. விண்டோஸ் கேம்கள் கார்டோட பேசுற டைரக்ட்எக்ஸ் 12ல கேம் எழுதுறவங்களே பங்கு பிரிச்சுக்கலாம்னு வழி இருக்கு, ஆனா ரெண்டு கார்டு வச்சிருக்குற நாலு பேருக்காக யார் மெனக்கெடுவாங்க? புதுசா வாங்குறவங்க ரெண்டு கார்டுக்கான காசை ஒரே பெரிய கார்டுல போடட்டும். ஆனா பிளெண்டர்ங்கிற 3டி மென்பொருள்ல ரெண்டு கார்டு போட்டா ரெண்டும் உழைக்கும், லாஸ்லெஸ் ஸ்கேலிங்ங்கிற மென்பொருள்ல பழைய கார்டை இடைஃப்ரேம் உண்டாக்க மட்டும் ஒதுக்கி வைக்கிறவங்களும் இருக்காங்க. அதுவும் பங்கீட்டு வரைவுதானே, இரட்டை அட்டைன்னு வச்சா மூணு கார்டு போடுற பிளெண்டர்காரரை எங்க கொண்டுபோய் வைக்கிறது?

---

தம்பி,

நுண்திக்கல் அருமை, மறுபேச்சே இல்லை. முறைவரைவும் சரி. பங்கீட்டு வரைவில்தான் இடறுகிறது. பங்கீடு என்றதும் ரேஷன் கார்டு நினைவுக்கு வருகிறது, நம்மிடம் இருப்பதோ கிராபிக்ஸ் கார்டு! *பகிர்வரைவு* என்றால் ஓர் அசையும் குறையும், பங்கிட்டு வரையும் பொருளும் கெடாது. எதிர்ப்பு இல்லையென்றால் கலைச்சொல் பட்டியலில் அதையே ஏற்றிவிடுகிறேன்.