மழைக்காலத்தில் பிரைமர்: ஸ்பிரே டின்னா, தூரிகையா?

செங்காங்_சிப்பாய்:
பிப்ரவரி 15, முழுமைத் தற்காப்பு தினத்தன்று நண்பர் வீட்டில் சிங்கப்பூரின் பாசிர் பாஞ்சாங் மேட்டுச் சண்டையைப் பொம்மைச் சிப்பாய்களை வைத்து மேசையில் ஆடப்போகிறோம். 1942-இல் அந்த மேட்டைக் காத்த மலாய் ரெஜிமென்ட் என் பொறுப்பு. 28 மி.மீ. பிளாஸ்டிக் சிப்பாய்கள், மொத்தம் 24 பேர். ஒட்டி முடித்து, நேற்று சாயங்காலம் மழை விட்டதும் காரிடாரில் வைத்து, பெயின்ட் பிடிக்க முதலில் அடிக்கிற பிரைமரை ஸ்பிரே டின்னால் அடித்தேன். காலையில் பார்த்தால் முகமெல்லாம் ரவை தூவின மாதிரி. தடவினால் உப்புத்தாள் போலச் சொரசொரக்கிறது. கண், வாய், பொத்தான் ஒன்றும் தெரியவில்லை. மழைக்காலத்தில் டின்னைத் தொடவே கூடாதா? எல்லாவற்றையும் தூரிகையால்தான் அடிக்க வேண்டுமா? இன்னும் ஐந்து வாரம்தான் இருக்கிறது.

ஈசூன்_தூரிகை:
தொடவே கூடாது என்பதுதான் என் கட்சி, தம்பி. ஆறு வருஷமாக நான் தொடவில்லை. நம்ம ஊரின் சராசரி ஈரப்பதமே 82 விழுக்காடு. விடியற்காலையில் 90-ஐத் தாண்டும், விடாத மழை என்றால் நூறை ஒட்டி நிற்கும். அது மட்டுமில்லை, காரிடார் எல்லாருக்கும் பொது. என் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு மூச்சிரைப்பு. ஒருநாள் நான் டின் அடித்தபோது அவர் கதவைச் சாத்திக்கொண்டு இருமிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அன்றோடு விட்டேன். தூரிகையால் அடிக்கிற பாலியூரித்தேன் பிரைமர் ஒரு குப்பி வாங்குங்கள். தூரிகையைத் தண்ணீரில் கழுவினால் போதும், வாடை கிடையாது. இரவு பதினோரு மணிக்கு வெளியே கொட்டினாலும் வரவேற்பறையில் உட்கார்ந்து அடிக்கலாம்.

புக்கிட்பாத்தோக்_டின்:
பாட்டி விஷயத்தில் நீங்கள் செய்தது சரி அக்கா. ஆனால் 24 பேருக்குத் தூரிகை என்றால் இரண்டு இரவு போய்விடும். டின்னில் கால் மணி நேரம். காக்கி நிற ஸ்பிரேயாகப் பார்த்து வாங்கினால் பிரைமரும் சீருடையின் அடிநிறமும் ஒன்றாகவே முடியும். ஐந்து வாரத்தில் முடிக்க வேண்டியவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி! மழை இல்லாத நாளில் மதியம் இரண்டு, மூன்று மணிக்கு ஈரப்பதம் 60 பக்கம் இறங்கும். அந்த நேரத்தில் அடிக்க வேண்டியதை, மழை விட்ட கையோடு அடித்திருக்கிறார். சின்ன ஈரமானி ஒன்று வாங்கி வையுங்கள். 70-க்கு மேல் காட்டினால் நான் டின்னை எடுப்பதே இல்லை.

பழைய_ஈயம்:
இரண்டு பேரும் ஈரத்தின் மேலேயே பழி போடுகிறீர்கள். தம்பி எழுதியதை இன்னொரு தரம் படியுங்கள். உப்புத்தாள் போலச் சொரசொரப்பு என்கிறார். என் முதல் சந்தேகம் ஈரத்தின் மேல் இல்லை. ஈரம் கெடுத்தால் பெரும்பாலும் வெள்ளைப் படலம் பூக்கும். கரைப்பான் சட்டென்று ஆவியாகும்போது பூச்சு குளிர்ந்துபோய், காற்றின் ஈரம் அதில் படிந்துவிடுகிறது. மேட் வார்னிஷ் அடிக்கும்போது இதை அடிக்கடி பார்க்கலாம். மணல் மாதிரி இருந்தால் கதை வேறு. பெயின்ட் துளி சிப்பாயைத் தொடுவதற்குள் காற்றிலேயே காய்ந்து தூளாகியிருக்கும். எத்தனை தூரத்தில் பிடித்தீர்கள்? காற்று அடித்ததா? டின்னை எவ்வளவு நேரம் குலுக்கினீர்கள்?

செங்காங்_சிப்பாய்:
பன்னிரண்டாம் மாடி, காற்று நன்றாகவே அடித்தது. சட்டையில் படக்கூடாதென்று கையை நீட்டிப் பிடித்தேன், அரை மீட்டர் இருக்கும். குலுக்கியது அரை நிமிடம்.

பழைய_ஈயம்:
அப்படியென்றால் மூன்றும் சேர்ந்துதான் கெடுத்திருக்கிறது. 20 முதல் 25 செ.மீ. தூரம் போதும். உள்ளே குண்டு உருளும் சத்தம் கேட்கத் தொடங்கிய பிறகு முழுசாக இரண்டு நிமிடம் குலுக்க வேண்டும். சிப்பாய்க்கு வெளியிலேயே அழுத்த ஆரம்பித்து, அவனைக் கடந்து போனபின் விரலை எடுங்கள். முதல் பூச்சில் பிளாஸ்டிக் தெரிந்தால் தெரியட்டும். காற்றை மறைக்கப் பெரிய அட்டைப்பெட்டியைப் படுக்கப்போட்டு அதற்குள் நிறுத்துங்கள். காற்றுக்குப் பயந்து வீட்டிலிருக்கும் பாம் ஷெல்டர் அறைக்குள் மட்டும் போய்விடாதீர்கள். நாலு பக்கமும் கான்கிரீட், காற்றோட்டம் கிடையாது, டின்னில் இருக்கும் வாயு தீப்பற்றக்கூடியது.

ஈசூன்_தூரிகை:
அண்ணே, நீங்கள் சொன்னதெல்லாம் என் பக்கத்துக்குத்தான் பலம். நேரம், தூரம், காற்று, குலுக்கல், ஈரமானி, அட்டைப்பெட்டி, இதில் ஒன்று தப்பினாலும் 24 பேரும் ஒரே மூச்சில் போகிறார்கள். தூரிகையில் ஒருவன் கெட்டால் அந்த ஒருவனோடு சரி.

தம்பிக்குச் செய்முறை சொல்கிறேன். செயற்கை மயிரில் மிருதுவான தட்டைத் தூரிகை எடுங்கள். குப்பியைக் குலுக்கியதும் ஊற்றாதீர்கள், நுரை அடங்கட்டும். குமிழி முகத்தில் உட்கார்ந்து காய்ந்தால் அம்மை வடு மாதிரி நிற்கும். தலையிலிருந்து கீழே இழுங்கள். தாடைக்கடியிலும் பெல்ட்டுக்கடியிலும் தேங்கும், அதைத் தூரிகை நுனியால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். போன இடத்துக்கு மறுபடி போகாதீர்கள். பாதி காய்ந்ததைத் தொட்டால் பால் ஆடை போலச் சுருண்டு வரும். முதல் பூச்சு திட்டுத்திட்டாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். பத்து நிமிடம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தால் பூச்சு இறுகி, சட்டை மடிப்பும் பொத்தானும் ஒவ்வொன்றாக வெளியே வரும். எனக்கு இந்தப் பொழுதுபோக்கில் ரொம்பப் பிடித்த பத்து நிமிடம் அது.

புக்கிட்பாத்தோக்_டின்:
அது உண்மைதான், நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் துப்பாக்கிமுனைக் கத்தியில் என்ன ஆகிறது? ஆட்டத்தில் விரல் படுகிற முனையில்தான் முதலில் உரிகிறது. தூசி ஒட்டினால் தேய்க்கவும் முடியாது, ரப்பர் போலக் கிழிந்து வருகிறது. என் ஸ்பிரே அடித்த படை நாலு வருஷமாக ஆடியும் அப்படியே இருக்கிறது.

ஈசூன்_தூரிகை:
ஒட்டுவதற்கு முன் சோப்புத் தண்ணீரில் கழுவினீர்களா? கைப்பிசுக்கின் மேல் எதை அடித்தாலும் உரியத்தான் செய்யும். ஒரு முழு நாள் காயவிட்டீர்களா? இரண்டும் செய்திருந்தும் உரிந்தது என்றால் சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

புக்கிட்பாத்தோக்_டின்:
கழுவினேன். ஒரு நாள் காயவிடவில்லை, அன்று சாயங்காலமே பெயின்ட் தொட்டேன். அது என் தப்புதான். ஆனாலும் ஸ்பிரே என்றால் ஒரு மணி நேரத்தில் தொடலாம்.

செங்காங்_சிப்பாய்:
கெட்டுப்போனதை உரிக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கால் மணி நேரம் ஊறவிட்டுப் பழைய பல் தூரிகையால் தேய்த்தேன். பெரும்பாலும் வந்துவிட்டது. ஆனால் ஏழு பேருக்குக் கை கழன்றது. சூப்பர் குளூ போட்டுத்தான் ஒட்டியிருந்தேன்.

பழைய_ஈயம்:
ஆல்கஹால் எடுத்தது நல்லது. சிலர் நகப்பூச்சு அகற்றும் அசிட்டோனைப் போடுவார்கள், சிப்பாயே கரைந்துவிடுவான். சூப்பர் குளூ என்னுடைய ஈயப் பொம்மைகளுக்கும் ரெசினுக்கும்தான் சரி. காய்ந்தபின் கண்ணாடி மாதிரி நொறுங்கும். பிளாஸ்டிக்குக்குப் பிளாஸ்டிக் சிமென்ட் போடுங்கள், அது இரண்டு பக்கத்தையும் கரைத்து ஒன்றாக்கிவிடும். ஆனால் பழைய பசையை முழுக்கச் சுரண்டாமல் சிமென்ட் பிடிக்காது. கையைத் தோளில் பொருத்திப் பிடித்துக்கொண்டு, மெல்லிய சிமென்ட்டைத் தூரிகையால் இடுக்கில் தொட்டால் தானே உள்ளே ஓடும். லேசாக அழுத்தினால் கரைந்த பிளாஸ்டிக் கோடாகப் பிதுங்கும், துடைக்காதீர்கள். மறுநாள் கத்தியின் முதுகால் சுரண்டினால் இடைவெளியே தெரியாது. அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் நிற்கும் அச்சுக்கோட்டையும் அப்போதே சுரண்டிவிடுங்கள்.

ஈசூன்_தூரிகை:
முகத்துக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். பழுப்புத் தோலின் நிழலுக்குக் கறுப்பு கலக்காதீர்கள், சாம்பல் பூத்து நோயாளி மாதிரி ஆகிவிடும். செம்பழுப்பில் துளி ஊதா கலந்தால் போதும். மூக்கு நுனிக்கும் கன்னத்துக்கும் வெள்ளை வேண்டாம், மஞ்சள் கலந்த ஆரஞ்சால் ஏற்றுங்கள். நம்ம கையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாலே தெரியும்.

செங்காங்_சிப்பாய்:
அக்கா சொன்னபடி நாலு பேருக்குத் தூரிகையால் அடித்து ஒரு முழு நாள் காயவிட்டேன். பொத்தான் ஒவ்வொன்றும் தெரிகிறது! ஆனால் நாலு பேருக்கே ஒரு மணி நேரம் ஆயிற்று. வார நாளில் மதியம் நான் ஆபீசில் இருப்பேன், போன சனிக்கிழமை முழுக்க மழை. மிச்சம் 20 பேருக்கு ஒரே ஒரு வெயில் கிடைத்தால் டின்னை இன்னொரு தரம் முயன்று பார்க்க ஆசை.

ஈசூன்_தூரிகை:
காரிடாரில் மட்டும் வேண்டாம் தம்பி.

புக்கிட்பாத்தோக்_டின்:
காரிடார் வேண்டாம், என் வீட்டுக்கு வாருங்கள். துணி காயப்போடும் பின்கட்டில் ஜன்னலை முழுக்கத் திறந்து, அடுப்பை அணைத்துவிட்டுத்தான் அடிப்பேன். மேல்வீட்டிலும் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். கரிவடிகட்டி வைத்த முகமூடி இரண்டு இருக்கிறது. சிப்பாய்களை ஒரு பழைய ரூலரின் மேல் ஒட்டிக் கொண்டுவந்தால் போதும்.

புக்கிட்பாத்தோக்_டின்:
ஞாயிறு, மணி ஒன்றே முக்கால். ஈரமானி 64 காட்டுகிறது, காற்று இல்லை. கிளம்பிவிட்டீர்களா?